மாங்கூழ் ஏற்றும் முன் நாட்டை எடைபோடுவது எப்படி? கிருஷ்ணகிரி புதிய ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

மே மாதம் கூழ் ஃபேக்டரிகளில் பாய்லர் பற்றவைத்துவிட்டால், வாங்குகிறவரின் நாட்டைப் பற்றி விசாரிக்க யாருக்கும் நேரம் இருக்காது. பெங்களூரா காய் வரத்து, டிரம் தட்டுப்பாடு, லாரி வாடகை என்று நாள் ஓடிவிடும். அதனால் இந்த வேலை பிப்ரவரியிலும் மார்ச்சிலும் முடிந்துவிட வேண்டும். கிரானைட், ஓசூர் ரோஜா, இயந்திர உதிரிபாகம் என எதை அனுப்புகிறவருக்கும் படிகள் இவையே. உதாரணத்துக்கு மட்டும் மாங்கூழை எடுத்துக்கொள்கிறேன்.

நம் பக்கத்தில் புதிதாக ஏற்றுமதிக்கு வருகிறவர்கள் ஆளை நன்றாக விசாரிப்பார்கள். கண்காட்சியில் பார்த்தோம், வெப்சைட் இருக்கிறது, குடோன் வீடியோ அனுப்பினார் என்பார்கள். நாட்டை விசாரிக்க மாட்டார்கள். ஆள் நாணயமானவராக இருந்தும் பணம் வராமல் போவதுண்டு. அவருடைய வங்கி அமெரிக்கத் தடையில் சிக்கியிருக்கும், அவர் நாட்டு மத்திய வங்கியிடம் டாலர் இருக்காது, அல்லது பணம் வந்த வழி சரியில்லை என்று நம் வங்கியே நிறுத்தி வைத்திருக்கும். அதனால் நாட்டை எடைபோடும்போது ஒரே கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பணம் எந்த வழியாக வரும், அந்த வழியில் யார் யார் நிறுத்த முடியும்?

1. பணம் வரும் பாதையை ஒரு தாளில் எழுதுங்கள்

வேறு எதையும் தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். வாங்கும் கம்பெனி, அதன் வங்கி, அந்த நாட்டு மத்திய வங்கி, இடையில் நிற்கும் தொடர்பு வங்கி, உங்கள் வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளை, கடைசியாக உங்கள் கணக்கு. இந்த வரிசையில் ஒவ்வொன்றின் பெயரையும் நாட்டையும் எழுதுங்கள். டாலரில் விற்றால் தொடர்பு வங்கி பெரும்பாலும் நியூயார்க்கில் இருக்கும். சவூதிக்காரர் கிருஷ்ணகிரிக்காரருக்கு அனுப்பும் டாலரும் அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் விழுவது இதனால்தான்.

உங்கள் சொந்தக் கிளையையும் விசாரியுங்கள். கணக்கு கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ இருந்தாலும், ஏற்றுமதி ஆவணம் வேறு ஊரில் உள்ள செலாவணிக் கிளைக்குப் போய்த்தான் வரும். அது எந்தக் கிளை, அங்கே கேள்வி கேட்கப் போகிறவர் யார் என்று முன்பே தெரிந்துகொண்டால் பிறகு பத்து நாள் மிச்சம்.

வாங்குகிறவரிடம் அவருடைய வங்கியின் பெயரையும் ஸ்விஃப்ட் கோடையும் எழுத்தில் கேளுங்கள். அந்தக் கோடு 8 அல்லது 11 எழுத்து இருக்கும். முதல் நான்கு வங்கியைக் குறிக்கும், ஐந்தாவதும் ஆறாவதும் நாட்டைக் குறிக்கும். சவூதி என்றால் எஸ்.ஏ, அமீரகம் என்றால் ஏ.இ, ஏமன் என்றால் ஒய்.இ, நெதர்லாந்து என்றால் என்.எல். ஆர்டர் ஜெத்தாவிலிருந்து, கோடு இன்னொரு நாட்டுடையது என்றால் அங்கேயே நிறுத்தி ஏன் என்று கேளுங்கள். பதில் நியாயமானதாக இருக்கலாம். ஆனால் அது எழுத்தில் உங்கள் ஃபைலில் இருக்க வேண்டும்.

2. எஃப்.ஏ.டி.எஃப் பட்டியலைப் பாருங்கள், தேதியோடு

பணமோசடியையும் பயங்கரவாத நிதியையும் தடுக்கும் நெறிகளை வகுக்கும் பாரிஸ் அமைப்பு இது. இரண்டு பட்டியல் வெளியிடுகிறது. கறுப்புப் பட்டியலில் மூன்று நாடுகள்: வட கொரியா, ஈரான், 2022 அக்டோபரில் சேர்க்கப்பட்ட மியான்மர். இன்னொன்று கூடுதல் கண்காணிப்பில் உள்ள நாடுகளின் பட்டியல், பேச்சு வழக்கில் சாம்பல் பட்டியல். ஆண்டுக்கு மூன்று முறை, பிப்ரவரி, ஜூன், அக்டோபரில் கூடி இவற்றைத் திருத்துகிறார்கள். நம் மாங்காய்ப் பருவத்துக்கு இது வசதியான கணக்கு. பிப்ரவரிப் பட்டியலைப் பார்த்து ஒப்பந்தம், ஜூன் பட்டியலைப் பார்த்துச் சரக்கு.

சாம்பல் பட்டியலில் இருக்கும் நாட்டுக்கு விற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. நடப்பது என்னவென்றால், வங்கிகள் அந்த நாட்டுப் பணத்தைக் கூடுதலாகத் துருவும். வாங்குகிறவரின் பதிவுச் சான்று, உண்மையான உரிமையாளர் யார், ஒப்பந்தம் எங்கே என்று கேட்பார்கள். இரண்டு நாளில் வர வேண்டிய பணம் பல வாரம் ஆகலாம். அந்த நாட்களுக்கான பேக்கிங் கிரெடிட் (சரக்குத் தயாரிக்க வங்கி தந்த கடன்) வட்டி உங்கள் தலையில்தான். விலை சொல்லும்போதே அதைச் சேர்த்துவிடுங்கள்.

பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பேசுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அமீரகம் 2022 மார்ச்சில் சாம்பல் பட்டியலில் ஏறி 2024 பிப்ரவரியில் இறங்கிவிட்டது. துருக்கி 2021 அக்டோபரில் ஏறி 2024 ஜூனில் இறங்கியது. கென்யா 2024 பிப்ரவரியில் ஏறியது. தென்னாப்பிரிக்காவும் நைஜீரியாவும் 2023 பிப்ரவரியில் ஏறி 2025 அக்டோபரில் இறங்கின. வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தை நம்பாதீர்கள். அமைப்பின் சொந்தத் தளத்தில் அன்றைய பக்கத்தை பி.டி.எஃப் எடுத்து வையுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் தனக்கென ஒரு அபாய நாடுகள் பட்டியல் வைத்திருக்கிறது. இரண்டும் ஒரே நாளில் நகர்வதில்லை. எஃப்.ஏ.டி.எஃப் 2024-ல் இறக்கிய அமீரகத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2025-ல்தான் இறக்கியது. யூரோவில் விற்பவர்கள், ஐரோப்பிய வங்கி வழியாகப் பணம் பெறுபவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும்.

3. மதிப்பீட்டு அறிக்கையில் இரண்டு அட்டவணை போதும்

பட்டியலில் இல்லாத நாடு சுத்தமான நாடு என்று அர்த்தமில்லை. எஃப்.ஏ.டி.எஃப்பும் அதன் வட்டார அமைப்புகளும் ஒவ்வொரு நாட்டையும் நேரில் போய் மதிப்பிட்டு அறிக்கை வெளியிடுகின்றன. இலவசம்தான், ஆனால் இருநூறு முந்நூறு பக்கம். முழுவதும் படிக்க வேண்டியதில்லை. இரண்டு அட்டவணையைத் தேடுங்கள்.

ஒன்றில் 40 பரிந்துரைகளுக்கான மதிப்பெண் இருக்கும். அது சட்டப் புத்தகம் சரியாக இருக்கிறதா என்று சொல்லும். மற்றொன்றில் 11 நேரடி விளைவுகளுக்கான மதிப்பெண். அது, அந்தச் சட்டம் நடைமுறையில் வேலை செய்கிறதா என்று சொல்லும். உயர்வு, கணிசம், மிதம், குறைவு என்று நான்கு நிலை. உங்களுக்குத் தேவையானது இரண்டாவது அட்டவணை. அதில் 4-ஆம் விளைவு (புதிய சுற்று அறிக்கைகளில் 3-ஆம் விளைவு) வங்கிகள் வாடிக்கையாளரை எப்படிச் சரிபார்க்கின்றன என்பது. 5-ஆம் விளைவு கம்பெனியின் பின்னால் இருக்கும் உண்மையான உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடிகிறதா என்பது. 7-ஆம் விளைவு பணமோசடி வழக்குகள் உண்மையில் நடக்கின்றனவா என்பது. 5-ல் குறைவு என்று இருக்கும் நாட்டில், வாங்குகிறவர் நீட்டும் பதிவுச் சான்றுக்குப் பெரிய மதிப்பில்லை. அங்கே பினாமி பெயரில் கம்பெனி தொடங்குவது எளிது. அப்படிப்பட்ட நாட்டில் புதிய ஆளுக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

அறிக்கையின் தேதியைப் பாருங்கள். மதிப்பீடு பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கும். இடையில் வரும் தொடர் அறிக்கைகள் பெரும்பாலும் சட்டப் பகுதிக்கு மட்டும் மதிப்பெண் உயர்த்தும். நடைமுறை மதிப்பெண் பழையதாகவே நிற்கும். 'மதிப்பெண் உயர்ந்துவிட்டது' என்று யாராவது சொன்னால் எந்த அட்டவணையில் என்று கேளுங்கள்.

4. தடைப் பட்டியலில் நான்கு பெயரைத் தேடுங்கள்

இதில் காசு செலவில்லை, அரை மணி நேரம் போதும். ஆனாலும் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபை, அமெரிக்க நிதித் துறையின் தடைப் பிரிவான ஓஃபாக், ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன் ஆகிய நான்கின் பட்டியல்களையும் இணையத்தில் தேடலாம். தேட வேண்டிய பெயர்களும் நான்கு: கம்பெனி, அதன் உரிமையாளர்கள், அதன் வங்கி, சரக்கு ஏறும் கப்பல்.

அரபுப் பெயர்களை ரோமன் எழுத்தில் பலவிதமாக எழுதுவார்கள். முகமது என்ற ஒரே பெயருக்கு ஐந்தாறு எழுத்துக்கூட்டு உண்டு. ஓஃபாக் தேடல் பக்கத்தில் பெயர் எவ்வளவு பொருந்த வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறது. நூறில் வைக்காமல் எண்பதுக்குப் பக்கம் இறக்கித் தேடுங்கள். பெயர் ஒத்துப்போனால் பதற வேண்டாம். பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், முகவரி ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தடை விதிக்கப்பட்டவர் 50 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருக்கும் கம்பெனி, பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் தடைக்குள் வரும். ஓஃபாக்கின் இந்த விதிக்காகத்தான் உரிமையாளர் விவரத்தைக் கட்டாயம் வாங்கச் சொல்கிறேன். கப்பலைப் பெயரால் தேடக் கூடாது, ஏழு இலக்க ஐ.எம்.ஓ எண்ணால் தேட வேண்டும். பெயர் மாறும், அந்த எண் மாறாது.

இந்தத் தேடலை மூன்று முறை செய்யுங்கள்: ஒப்பந்தம் போடும்போது, கன்டெய்னர் கிளம்பும் முன், ஆவணத்தை வங்கியில் கொடுக்கும் முன். மூன்றின் பி.டி.எஃப்பும் தேதியோடு ஃபைலில் இருக்கட்டும். ஈரான், வட கொரியா விஷயத்தில் நம் நாட்டு வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையிலேயே தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. அவற்றை டி.ஜி.எஃப்.டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககம்) தளத்தில் படிக்காமல் ஒரு விலைப்பட்டியல்கூட அனுப்பாதீர்கள்.

ஏமனைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்போம். நம் பக்கத்து மாங்கூழுக்கு அது பழைய சந்தை. அந்த நாடு 2010 முதல் எஃப்.ஏ.டி.எஃப் கண்காணிப்பில் இருக்கிறது. 2016-ல் மத்திய வங்கியின் தலைமையகம் ஏடனுக்கு மாற்றப்பட்டதிலிருந்து சனாவில் ஒன்று, ஏடனில் ஒன்று என இரண்டு மத்திய வங்கிகள். 2025 மார்ச்சில், சனாவைக் கைவசம் வைத்திருக்கும் ஹூதி அமைப்பை அமெரிக்கா மீண்டும் வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்பாக அறிவித்தது. அதே ஆண்டில் அங்குள்ள வங்கிகள் சிலவும் ஓஃபாக் பட்டியலில் ஏறின. ஆகவே 'ஏமன் பார்ட்டி' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாது. சரக்கு இறங்குவது ஏடனிலா, ஹூதி வசமுள்ள ஹொடைடாவிலா? பணம் எந்த வங்கியிலிருந்து? இந்த இரண்டு பதிலைப் பொறுத்து, உங்கள் வங்கி ஆவணத்தை வாங்குமா திருப்புமா என்பதே மாறும். செலாவணிக் கிளை அதிகாரியிடம் இந்த இரண்டு விவரத்தையும் மின்னஞ்சலில் அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.

5. குறியீடுகளைப் படிக்கும்போது திசையைக் கவனியுங்கள்

டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனலின் ஊழல் குறியீட்டில் 100 என்றால் மிகச் சுத்தம். பாசல் நிறுவனத்தின் பணமோசடி அபாயக் குறியீட்டில் 10 என்றால் மிக மோசம். இரண்டையும் ஒரே தாளில் எழுதும்போது தலைகீழாகப் படித்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

ஒவ்வொன்றும் எதை அளக்கிறது என்பது அதைவிட முக்கியம். 2024-ஆம் ஆண்டு ஊழல் குறியீட்டில் நெதர்லாந்து 78, அமீரகம் 68, சவூதி 59, இந்தியா 38, ஏமன் 13. இதை மட்டும் பார்த்தால் துபாய் கம்பெனிக்குக் கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுக்கலாம் என்று தோன்றும். அரசு அலுவலகத்தில் லஞ்சம் எவ்வளவு என்று நிபுணர்களும் தொழில் செய்பவர்களும் நினைப்பதைத்தான் இந்தக் குறியீடு அளக்கிறது. வெளிநாட்டுக் கறுப்புப் பணம் அங்கே வந்து தங்குகிறதா என்பதை அளப்பதில்லை. 68 வாங்கிய அதே அமீரகம்தான் இரண்டு ஆண்டு சாம்பல் பட்டியலில் இருந்தது. பணமோசடி அபாயத்துக்கு பாசல் குறியீட்டையும், உரிமையாளர் மறைப்புக்கு டாக்ஸ் ஜஸ்டிஸ் நெட்வொர்க்கின் நிதி ரகசியக் குறியீட்டையும் பாருங்கள்.

உலக வங்கியின் 'தொழில் செய்ய எளிமை' தரவரிசையை இன்னும் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். தரவுகளில் முறைகேடு வெளிவந்ததால் 2021-லேயே அதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த பி-ரெடி அறிக்கை 2024-ல் 50 நாடுகளோடு தொடங்கியது. உங்கள் நாடு அதில் இல்லாமலும் போகலாம்.

6. முதலீட்டுச் சூழலில் மூன்றே கேள்வி: டாலர், கோர்ட், கஸ்டம்ஸ்

இதற்கு நல்ல இலவச ஆவணம் அமெரிக்க வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் நாடு நாடாக வெளியிடும் முதலீட்டுச் சூழல் அறிக்கை. அமெரிக்கக் கம்பெனிகளுக்காக எழுதப்பட்டது, அந்தக் கோணம் இருக்கும். ஆனாலும் வெளிநாட்டுச் செலாவணியும் பணம் அனுப்புதலும் பற்றிய பகுதியையும், வழக்குத் தீர்வு பற்றிய பகுதியையும் படித்தால் நமக்கு வேண்டியது கிடைத்துவிடும். ஒரு நாட்டுக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குங்கள்.

டாலர். வாங்குகிறவரின் கையில் உள்ளூர்ப் பணம் நிறைய இருக்கும், அதை டாலராக மாற்ற அந்த நாட்டில் வழி இருக்காது. 2022-ல் இலங்கையில் நடந்தது அதுதான். அதே ஆண்டு எகிப்து இறக்குமதிக்கு எல்.சி (வாங்குபவரின் வங்கி தரும் பண உறுதிக் கடிதம்) கட்டாயம் என்று ஆக்கி, டிசம்பரில்தான் விலக்கியது. இடைப்பட்ட மாதங்களில் துறைமுகங்களில் சரக்கு தேங்கியது. நாணய மதிப்பு சரிந்தால் வாங்குகிறவருக்கு உங்கள் சரக்கு ஒரே வாரத்தில் விலை ஏறிவிடும். நைஜீரியாவில் 2023 ஜூனிலும் எகிப்தில் 2024 மார்ச்சிலும் அப்படி ஆனது. இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு: அரசு விகிதத்துக்கும் வெளிச்சந்தை விகிதத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் கடனுக்கு விற்காதீர்கள்.

கோர்ட். கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் தீர்ப்பாணை (டிகிரி) வாங்கி வெளிநாட்டில் வசூலிப்பது மிகவும் கடினம். ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புப் பிரிவு போடுங்கள். 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்திருக்கின்றன. உறுப்பு நாட்டில் நடுவர் தீர்ப்பை அமல்படுத்தக் கேட்கலாம். வாங்குகிறவரின் நாடு உறுப்பா என்று உடன்படிக்கையின் தளத்தில் பார்க்க ஐந்து நிமிடம். ஆனால் ஒரு கன்டெய்னர் பணத்துக்காக நடுவர் மன்றம் போவது செலவுக்குக் கட்டாது. இருபதடிக் கன்டெய்னரில் 215 கிலோ டிரம் 80 ஏறும், மொத்தம் 17.2 டன். அதன் மதிப்பையும் வக்கீல் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, பிரிவு போட்டாயிற்று என்ற தைரியத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கஸ்டம்ஸ். வாங்குகிறவர் சரக்கை எடுக்காவிட்டால், அதை இன்னொருவருக்கு விற்கவோ திருப்பி எடுக்கவோ முடியுமா? துருக்கி போன்ற நாடுகளில், முதலில் பெயர் போட்ட இறக்குமதியாளர் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் முடியும். இதைத் தெரிந்த ஏமாற்றுக்காரர் சரக்கை எடுக்காமல் நாளைக் கடத்துவார். டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) ஏறும், கடைசியில் ஏலம் வரும். அதை அவரே அடிமாட்டு விலைக்கு எடுப்பார். அப்படிப்பட்ட நாட்டுக்கு பி.எல்லில் (கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீதில்) இறக்குமதியாளர் பெயரை நேரடியாகப் போடாமல் வங்கியின் உத்தரவுப்படி என்று போடுவதும், பாதிக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவதும் நல்லது.

7. இ.சி.ஜி.சி அந்த நாட்டை எங்கே வைத்திருக்கிறது?

நம் அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம் நாடுகளை ஏழு வகையாகப் பிரிக்கிறது: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2, டி. ஏ1-ல் அபாயம் மிகக் குறைவு, டி-யில் மிக அதிகம். எந்த வகையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பிரீமியம் ஏறி இறங்கும். சில நாடுகளுக்குக் கட்டுப்படுத்தப்பட்ட காப்பீடு மட்டும் கிடைக்கும், முன்கூட்டி அனுமதி வாங்க வேண்டும். வெளிநாட்டுக் குறியீடுகளைவிட இதையே நான் அதிகம் மதிப்பேன். தன் பணத்தை வைத்துப் பார்க்கிறவர் சொல்லும் கணக்கு இது.

நாட்டைப் பார்த்த பிறகு குறிப்பிட்ட வாங்குபவருக்குக் கடன் வரம்பு கேட்டு விண்ணப்பியுங்கள். நிறுவனம் அவரைப் பற்றி விசாரித்து எவ்வளவு தொகைக்குக் காப்பீடு தரலாம் என்று முடிவு செய்யும். நீங்கள் கேட்டதைவிட மிகக் குறைவாக அனுமதித்தால் அதுவே ஒரு தகவல். சரக்கு போன பிறகு வரம்பு கேட்பதில் பயனில்லை. மார்ச்சிலேயே கேளுங்கள். சென்னையிலும் பெங்களூரிலும் கிளை இருக்கிறது, ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூர் அருகில்.

எது காப்பீட்டுக்குள் வராது என்பதைக் கட்டாயம் படியுங்கள். தரத் தகராறு வராது. 'பிரிக்ஸ் (இனிப்பு அளவு) 14 சொன்னீர்கள், 13 தான் இருக்கிறது' என்று வாங்குகிறவர் ஒரு வரி எழுதினால் காப்பீடு அங்கேயே நின்றுவிடும். அவர் நாட்டுக் கோர்ட்டில் நீங்கள் ஜெயித்து வந்தால்தான் பிறகு பேச்சு. ஆகவே ஏற்றும் முன் மூன்றாம் தரப்பு ஆய்வுச் சான்று வாங்குங்கள், ஒவ்வொரு லாட்டிலும் மாதிரி எடுத்து வையுங்கள். மாற்று விகித நஷ்டமும், இறக்குமதி அனுமதியை வாங்குகிறவர் பெறாமல் விட்டதும்கூடக் காப்பீட்டில் இல்லை. கெடு தாண்டிய பாக்கியை மாதாமாதம் அறிவிக்க வேண்டும். அதை விட்டால் கோரிக்கை தள்ளப்படலாம்.

8. மூன்றாம் நபர் பணம்: இங்கேதான் அதிகம் மாட்டுகிறார்கள்

இன்வாய்ஸ் ஒரு நாட்டுக் கம்பெனி பெயரில் இருக்கும். பணம் துபாயிலோ ஹாங்காங்கிலோ உள்ள, கேள்விப்படாத ஒரு டிரேடிங் கம்பெனியிலிருந்து வரும். 'என் தம்பி கம்பெனிதான்' என்பார் வாங்குகிறவர். நம்மவர்களும் பணம் வந்தால் சரி என்று விட்டுவிடுவார்கள். ஹவாலாவும் சரக்கு வழிப் பணமோசடியும் நடப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

மூன்றாம் நபர் பணம் முற்றிலும் தடை செய்யப்பட்டதல்ல. ரிசர்வ் வங்கி 2013-ல் இதற்கு நிபந்தனை வகுத்தது. பணம் வங்கி வழியாக மட்டும் வர வேண்டும். அனுப்புகிறவர் எஃப்.ஏ.டி.எஃப் நெறிகளைப் பின்பற்றும் நாட்டில் இருக்க வேண்டும். ஏற்றுமதி அறிவிப்பிலேயே அவர் பெயரைச் சொல்ல வேண்டும். முத்தரப்பு ஒப்பந்தமோ, ஏன் இன்னொருவர் செலுத்துகிறார் என்பதற்கான ஆவணமோ வேண்டும். 2-ஆம் படியில் பார்த்த பட்டியல் உங்கள் கணக்கை நேராகத் தொடுவது இந்த இடத்தில்தான். பணம் வந்த பிறகு காகிதம் தயாரிக்க முயன்றால் ஷிப்பிங் பில்லில் (சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பில்) பெயர் இருக்காது, வங்கி கணக்கில் வரவு வைக்காது. ஆகவே ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேருங்கள்: 'வாங்குபவரின் சொந்தக் கணக்கிலிருந்து வரும் பணம் மட்டும் ஏற்கப்படும், வேறு பெயரில் வருவதானால் சரக்கு ஏற்றும் முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.'

இதன் உடன்பிறப்பு, விலையைக் குறைத்துப் போடச் சொல்வது. டன் 900 டாலர் என்று பேசிவிட்டு, 'இன்வாய்ஸில் 600 போடுங்கள், மீதியைப் பெங்களூரில் ரொக்கமாக ஆள் கொடுப்பார்' என்பார்கள். அவருக்கு அங்கே சுங்கவரி மிச்சம். உங்களுக்கு இங்கே ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மை) சட்ட மீறல். சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். எந்தக் காரணம் சொன்னாலும் இதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். அதிகமாகப் போடச் சொன்னாலும் இதே பதில்தான்.

வங்கிக் கணக்கு மாற்ற மின்னஞ்சலும் நிறையப் பேரைக் கவிழ்த்திருக்கிறது. உங்கள் மெயிலுக்குள் நுழைந்த ஒருவர், ஒரே எழுத்து மாறிய முகவரியிலிருந்து வாங்குகிறவருக்கு 'எங்கள் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்' என்று எழுதுவார். வாங்குகிறவர் அனுப்பிவிடுவார். அவரைப் பொறுத்தவரை கடன் தீர்ந்தது. இன்வாய்ஸின் அடியில் 'எங்கள் வங்கி விவரம் மின்னஞ்சலில் மாறாது. சந்தேகம் இருந்தால் முன்பு பேசிய எண்ணில் அழையுங்கள்' என்று அச்சிட்டு விடுங்கள்.

9. மூன்று நிறமாகப் பிரித்து, விற்பனை முறையை முடிவு செய்யுங்கள்

நாட்டுக்கு மதிப்பெண் கூட்டிச் சராசரி எடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒன்பது இடத்தில் நல்ல மதிப்பெண் இருந்தும் வங்கி தடைப் பட்டியலில் இருந்தால் பணம் வராது. ஆகவே மிக மோசமான ஒரு பதிலை வைத்தே நிறம் போடுங்கள்.

பச்சை: பட்டியல்களில் இல்லை, டாலர் தாராளம், இ.சி.ஜி.சி ஏ அல்லது பி1, வரம்பும் கிடைத்துவிட்டது. இங்கே 60 நாள் டி.ஏ (ஆவணத்தை முதலில் கொடுத்து, தவணை முடிந்து பணம் வாங்கும் முறை) கொடுக்கலாம், வரம்புக்குள் மட்டும். மஞ்சள்: சாம்பல் பட்டியல், அல்லது டாலர் தட்டுப்பாடு, அல்லது சி வகை. இங்கே எல்.சி கேளுங்கள். அதுவும் அந்நாட்டு வங்கியின் எல்.சி மட்டும் போதாது, வேறு நாட்டு நல்ல வங்கி ஒன்று உறுதி செய்த எல்.சியாக இருக்க வேண்டும். உறுதிக் கட்டணம் யார் கொடுப்பது என்பதை விலை பேசும்போதே முடித்துவிடுங்கள். பொதுவாக எல்.சி ஆவணங்களைச் சரக்கு ஏறிய 21 நாளுக்குள் கொடுக்க வேண்டும், வங்கி பார்க்க ஐந்து வேலை நாள் எடுத்துக்கொள்ளும். எல்.சியோடு ஒத்துப்போகாத சின்ன விவரம் இன்வாய்ஸில் இருந்தாலும் முரண்பாடு என்று திருப்புவார்கள். சிவப்பு: கறுப்புப் பட்டியல், தடை, அல்லது உங்கள் வங்கி எழுத்தில் சரி சொல்லாத நாடு. இங்கே முழு அட்வான்ஸ் கொடுக்கிறேன் என்றாலும் வேண்டாம். வந்த அட்வான்ஸையே வங்கி முடக்கினால் என்ன செய்வீர்கள்?

10. அங்கேயே கம்பெனி திறக்க நினைப்பவர்களுக்கு

துபாயில் ஒரு கம்பெனி போட்டுவிட்டால் எல்லாம் சுலபம் என்று கமிஷன் ஏஜென்டுகள் சொல்வார்கள். அமீரகத்தோடு 2022 மே முதல் வர்த்தக ஒப்பந்தமும், 2024 ஆகஸ்ட் 31 முதல் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தமும் நடைமுறையில் இருப்பது நல்ல விஷயம். அங்கே வரியே இல்லை என்பது பழைய கதை. 2023 ஜூனிலிருந்து 3,75,000 திர்ஹமுக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீதம். இந்தியாவிலிருந்து கம்பெனி பணத்தை அனுப்ப 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகள் பொருந்தும்: நிகர மதிப்பின் 400 சதவீதம் வரை, வங்கி வழியாகத் தனி அடையாள எண், ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை. ஏஜென்ட் சொன்னாரென்று கார்டிலோ உறவினர் மூலமோ பங்குத் தொகை கட்டிவிட்டால் பிறகு சரிசெய்வது பெரும்பாடு. முதலில் ஆடிட்டர், அப்புறம் ஏஜென்ட்.

11. ஃபைல், செலவு, நாட்காட்டி

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு ஃபைல், அதற்குள் ஒவ்வொரு வாங்குபவருக்கும் ஒரு கவர். உள்ளே இருக்க வேண்டியவை: பணப் பாதைத் தாள், எஃப்.ஏ.டி.எஃப் பக்கம், தடைத் தேடல் மூன்று, வாங்குபவரின் பதிவுச் சான்றும் உரிமையாளர் விவரமும், வங்கியின் எழுத்துப் பதில், இ.சி.ஜி.சி வரம்புக் கடிதம், ஒப்பந்தம். பதிவுச் சான்றை அவர் அனுப்பிய நகலோடு விடாதீர்கள். பிரிட்டனின் கம்பெனிப் பதிவேட்டையும் அமீரகத்தின் தேசியப் பொருளாதாரப் பதிவேட்டையும் நீங்களே இலவசமாகத் தேடலாம். மற்ற நாடுகளுக்கு அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் வர்த்தகப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். கம்பெனியின் முழுப்பெயர், பதிவு எண், முகவரி மூன்றையும் கொடுத்துக் கேட்டால் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

செலவில் பெரும்பகுதி நேரம்தான். பட்டியலும் அறிக்கையும் குறியீடும் இலவசம். ஐ.இ.சி (இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு) எண்ணுக்கு 500 ரூபாய், அதன் விவரத்தை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் டி.ஜி.எஃப்.டி தளத்தில் உறுதி செய்ய வேண்டும், மாற்றம் இல்லாவிட்டாலும். மறந்தால் எண் முடங்கி, கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கும். தனியார் கடன் அறிக்கை ஒன்றுக்குச் சில ஆயிரம் ஆகும். புது ஆளுக்கு அது தேவை, பச்சை நாட்டில் பழைய ஆளுக்கு வேண்டாம்.

பிப்ரவரிக் கடைசியில் பட்டியல், தடைத் தேடல். மார்ச்சில் இ.சி.ஜி.சி வரம்பு, வங்கிக்கு மின்னஞ்சல். ஏப்ரலில் ஒப்பந்தம், ஐ.இ.சி உறுதி. ஜூன் பட்டியல் வந்ததும் மறுபடி ஒரு பார்வை, பிறகு சரக்கு. ஏற்றுமதிப் பணம் வந்து சேர வேண்டிய கெடு நெடுங்காலம் ஒன்பது மாதமாக இருந்தது, 2025 நவம்பரில் ரிசர்வ் வங்கி அதை 15 மாதமாக நீட்டியது. கெடு நீண்டதால் வாங்குகிறவருக்கும் தவணையை நீட்டிவிடாதீர்கள். பாக்கி நிற்கும் ஒவ்வொரு ஷிப்பிங் பில்லும் ரிசர்வ் வங்கியின் ஏற்றுமதிக் கண்காணிப்புக் கணினியில் உங்கள் பெயரில் திறந்தே இருக்கும். பணம் வராத ஏற்றுமதியாளர்களுக்கான அதன் எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால் முழு அட்வான்ஸோ எல்.சியோ இல்லாமல் எந்த வங்கியும் உங்கள் ஆவணத்தைத் தொடாது. அக்டோபர்ப் பட்டியல் வரும் வாரத்தில் செலாவணிக் கிளைக்கு ஒருமுறை போய், உங்கள் ஐ.இ.சி எண்ணில் திறந்திருக்கும் பில்களின் பட்டியலைக் கேட்டு வாங்கி, எது எது எந்த நாட்டுடையது என்று அதே ஃபைலில் குறித்துக்கொள்ளுங்கள்.